சிண்டி கேம்பலின் அழைப்பிதழிலிருந்து தொடங்குவோம்: ஹிப்-ஹாப் வரலாற்றில் பெண்கள்

தாளக்கட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் ஹிப்-ஹாப் இசையின் தோற்றம் பற்றிய ஓர் உரையைக் கேட்டேன். உரையாளர் நன்கு படித்தவர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970-களில் வீடுகள் எரிந்ததையும், வேலையில்லாத இளைஞர்கள் பெருகியதையும், தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் இழுத்துப் பூங்காவில் பாட்டுப் போட்டதையும் மனத்தில் பதியுமாறு சொன்னார். பெண்களைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வாக்கியம் வந்தது. ஆண்கள் கட்டிய வீட்டுக்குள் பெண்கள் பிறகு குடிவந்தார்கள் என்றார். அந்த வாக்கியம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அது தவறு என்று நினைப்பதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஹிப்-ஹாப்பின் பிறந்தநாள் என்று உலகமே கொண்டாடுவது 1973 ஆகஸ்ட் 11. இடம், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொழுதுபோக்கு அறை. அங்கே இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் டிஜே கூல் ஹெர்க் என்ற கிளைவ் கேம்பல், அப்போது 18 வயது. இது எல்லாருக்கும் தெரிந்த பாதி. மறுபாதி, அந்த விருந்தை நடத்தியவர் அவருடைய தங்கை சிண்டி கேம்பல் என்பது. பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்க அவருக்குப் பணம் தேவைப்பட்டது. எல்லாரும் வாங்கும் ஃபோர்டாம் சாலையில் வாங்காமல், பக்கத்தில் யாரிடமும் இல்லாத புதுத்தினுசாக டெலான்சி தெருவில் வாங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வேலையில் கிடைத்த சம்பளம் அதற்குப் போதவில்லை. எனவே 25 டாலர் வாடகைக்கு அறையைப் பிடித்து, சிறு அட்டைகளில் கையால் அழைப்பு எழுதி, பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று நுழைவுக்கட்டணம் வைத்து, தின்பண்டமும் குளிர்பானமும் விற்று, பாட்டுப் போட அண்ணனை அழைத்தார். முதல் நாளின் கணக்குப்புத்தகமே ஒரு பெண்ணின் கையில் இருந்தபோது, பெண்கள் பிறகு வந்தார்கள் என்று எப்படிச் சொல்வது? உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

---

முதல்வரி எழுதியது:

தாளக்கட்டு அவர்களுக்கு வணக்கம். சிண்டியின் கதை எனக்கும் பிடித்த கதை. இருந்தாலும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. மண்டபம் பிடித்தவரையும் பாட்டை உருவாக்கியவரையும் ஒரே தட்டில் வைக்கலாமா? ஒரே பாட்டின் இரண்டு இசைத்தட்டுகளை வைத்துக்கொண்டு, தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில வினாடிகளை நீட்டித்து நீட்டித்து ஆட வைக்கலாம் என்று கண்டது ஹெர்க்கின் காது. ஹிப்-ஹாப் என்ற இசை அந்த உத்தியிலிருந்துதான் கிளைத்தது. அமைப்பாளரைப் போற்றுவது வேறு, இசை வரலாறு வேறு.

அடுத்து எல்லாரும் இசைத்தட்டு நிறுவனம் நடத்திய சில்வியா ராபின்சன் பெயரைச் சொல்வீர்கள் என்று தெரியும். அவர் அந்தத் தெருவைச் சேர்ந்தவரே அல்லர். அவர் 1979-இல் வெளியிட்ட ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாட்டில் பிக் பேங்க் ஹேங்க் சொல்லும் வரிகள் பிராங்க்ஸைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியவை. அவருக்குப் பெயரும் தரப்படவில்லை, பணமும் தரப்படவில்லை. அதைப் பெண்களின் பங்களிப்பு என்று பெருமையோடு எழுதிவிட்டுப் போக என்னால் இயலவில்லை.

---

பழைய இசைத்தட்டு எழுதியது:

முதல்வரி தம்பிக்கு என் வணக்கம். நான் இசைத்தட்டுச் சேகரிப்பவன். சில்வியா ராபின்சனைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுத விரும்புகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காஸுக்கு நேர்ந்தது அநீதி. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. சில்வியாவும் அவருடைய கணவர் ஜோவும் நடத்திய சுகர் ஹில் நிறுவனத்தில் தங்களுக்குச் சேரவேண்டிய பணம் வரவில்லை என்று அங்கே பாடிய பலர் பின்னாளில் சொன்னார்கள். அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆண் முதலாளிகள் செய்ததை அவரும் செய்தார் என்று எழுதுவோம். ஆனால் அந்த முதலாளிகளின் குறைகளையும் சாதனைகளையும் சேர்த்தே எழுதும் வரலாறு, சில்வியாவிடம் மட்டும் குறையைச் சொல்லிவிட்டு ஆளையே நீக்கிவிடுவது நியாயமா?

அவர் வெறும் வணிகர் அல்லர். 1950-களில் ‘மிக்கி அண்ட் சில்வியா’ என்ற இணையில் பாடி, கிதார் வாசித்துப் புகழ் பெற்றவர். 1973-இல் தனியாகப் பாடிய ‘பில்லோ டாக்’ பெரும் வெற்றி கண்டது. ஒலிப்பதிவுக்கூடத்தின் ஒவ்வொரு பொத்தானும் அறிந்த அந்தக் காலத்துப் பெண்கள் மிகச் சிலரே. அவர்களில் இவர் ஒருவர். 1979-இல் ஹார்லெமில் ஒரு விருந்தில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் ஒருவர் பேசுவதையும், கூட்டம் அவர் சொல்லுக்குச் சொல் மறுமொழி தருவதையும் கண்டார். அதற்குள் ஆறு ஆண்டுகளாகப் பிராங்க்ஸில் இது நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்த பலரும் அதை அந்த இரவோடு முடிந்துபோகும் நிகழ்ச்சியாகவே கருதினார்கள். ஏற்கெனவே உள்ள இசைத்தட்டின் மேல் பேசுவதை யார் காசு கொடுத்து வாங்குவார் என்பது அவர்கள் எண்ணம். அதைத் தட்டில் பதித்தால் விற்கும் என்று துணிந்தவர் சில்வியா. நியூஜெர்சியின் எங்கிள்வுட்டில், தன் மகனின் துணையோடு மூன்று இளைஞர்களைத் தேடிப் பிடித்து, ஷிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ இசையைத் தன் வாத்தியக்காரர்களைக் கொண்டு மீண்டும் வாசிக்கவைத்து, 14 நிமிடங்களுக்கும் மேல் ஓடும் ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாட்டைப் பதிந்தார். (ஷிக் குழுவினர் உரிமை கோரி, ஆசிரியர் பெயர்களில் இடம்பெற்றார்கள் என்பதையும் குறித்துவிடுகிறேன்.)

அதைவிட முக்கியமானது 1982-இல் வந்த ‘தி மெசேஜ்’. அதுவரை ராப், அதாவது தாளத்தின் மேல் சொற்களை அடுக்கிப் பேசிப் பாடுவது, பெரும்பாலும் கொண்டாட்டம், தற்பெருமை, ஆட்டம். உடைந்த கண்ணாடித் துண்டுகளும் எலிகளும் கரப்பான்பூச்சிகளும் வரும் ஒரு வறுமைப் பாட்டை யார் கேட்பார் என்று டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தயங்கினார். சுகர் ஹில்லில் வாசித்துவந்த எட் ஃபிளெச்சர் எழுதிய அந்தப் பாட்டை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு, ஃபிளாஷின் குழுவிலிருந்த மெல்லி மெல்லைக் கொண்டு பாடவைத்து, வேகத்தைக் குறைத்துப் பதிந்தவர் சில்வியா. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2002-இல் முதன்முதலாகப் பாதுகாக்கத்தக்க ஒலிப்பதிவுகளைத் தேர்ந்தெடுத்தபோது அதில் இடம்பெற்ற ஒரே ஹிப்-ஹாப் பாட்டு அதுதான். ராப் சமூகத்தைப் பேசும் கலை என்று நாம் இன்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தத் திருப்பத்தில் முடிவெடுத்தவர் அவர். 2011-இல் அவர் மறைந்தார். ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபம் அவரை ஏற்றுக்கொண்டது 2022-இல், பதினொரு ஆண்டுகள் கழித்து.

---

தாளக்கட்டு எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. முதல்வரி அவர்கள் ஹெர்க்கின் காதைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஹிப்-ஹாப் கூட்டத்தின் முன் நிகழும் கலை. கூட்டம் ஆடும்போது எந்த இடத்தில் துள்ளுகிறது என்று பார்த்துத்தான் எதை நீட்டிக்க வேண்டும் என்று ஹெர்க் அறிந்தார். அந்தக் கூட்டத்தைச் சேர்த்தவரை மண்டபக் கணக்கில் மட்டும் எழுதுவது போதாது என்பதே என் வாதம். பெண்களுக்குப் பாதிக் கட்டணம் வைத்ததுகூட யோசித்துச் செய்த வேலைதான். பெண்கள் வந்தால் ஆடும் இடம் நிறையும், நிறைந்தால் ஆண்களும் வருவார்கள்.

---

நெய்தல் எழுதியது:

அமைப்பாளர், தயாரிப்பாளர் என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் முதல்வரி சொல்வதே உறுதியாகிவிடும். மைக்கைப் பிடித்தவர்களைப் பற்றியும் பேசுவோம்.

எம்.சி. (மைக்கில் ராப் பாடுபவர்) ஷா-ராக் பிராங்க்ஸின் ‘ஃபங்கி ஃபோர் பிளஸ் ஒன்’ குழுவில் நான்கு ஆண்களோடு நின்ற பெண். தட்டுகள் வருவதற்கு முன்பே, 1970-களின் பிற்பகுதியில், விருந்துகளிலும் பூங்காக்களிலும் பாடியவர். எதிரொலிக் கருவியைத் தன் குரலோடு இணைத்து அவர் சொற்களை உதிர்த்த விதம், கையிலிருந்து கைக்கு மாறிய ஒலிநாடாக்கள் வழியாக நியூயார்க்கின் இன்னொரு பகுதியான குவீன்ஸ் வரை போனது. ரன்-டி.எம்.சி. குழுவின் டி.எம்.சி. தன் பாணிக்கு ஷா-ராக் ஒரு மூலம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 1980-இல் வந்த அவர்களுடைய ‘தட்ஸ் தி ஜாயின்ட்’ பாட்டை ஒருமுறை ஷா-ராக்கின் குரலை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். மற்றவர்கள் கூட்டத்தை நோக்கிக் கத்தும் இடத்தில் அவர் சற்றே தாழ்ந்து, சொல்லின் இறுதியைத் தாளத்தின் மேல் நேராக வைத்துவிட்டு நகர்கிறார். 1981 பிப்ரவரி 14 அன்று ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் இந்தக் குழு தோன்றியது; அமெரிக்கா முழுவதும் ஒளிபரப்பான தொலைக்காட்சியில் ஒரு ஹிப்-ஹாப் குழு மேடையேறியது அதுவே முதல்முறை. அந்த மேடையில் ஒரு பெண் இருந்தார்.

இதே தலைமுறையில் பிராங்க்ஸில் மெர்சிடிஸ் லேடீஸ் என்று முழுக்கப் பெண்களே கொண்ட குழுவும் இயங்கியது. 1979-இல் ‘ராப்பர்ஸ் டிலைட்’ வந்த அதே ஆண்டிலேயே பிலடெல்ஃபியாவின் வானொலிக்காரர் லேடி பி ஒரு தட்டு வெளியிட்டார். தென்கரோலைனாவின் கொலம்பியா நகரிலிருந்து வந்த மூன்று தோழியர் ‘தி சீக்வென்ஸ்’ என்ற பெயரில் ‘ஃபங்க் யூ அப்’ பாடினார்கள். அவர்களுடைய ஊருக்கு நிகழ்ச்சி நடத்த வந்த, ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாடிய சுகர்ஹில் கேங் குழுவைத் தேடி மேடைக்குப் பின்னால் போய், சில்வியாவின் முன் பாடிக்காட்டி வாய்ப்பைப் பெற்றார்கள். அந்த மூவரில் ஒருவர்தான் பின்னாளில் சோல் இசையில் பெரும்பெயர் பெற்ற ஆஞ்சி ஸ்டோன். 2025 மார்ச்சில் சாலை விபத்தில் காலமானார். தட்டில் வந்த ராப்புக்கு வயது ஒன்றுகூட ஆகாதபோதே, நியூயார்க்குக்கு வெளியே, தெற்கில், பெண்கள் பாடிவிட்டார்கள். இதில் “பிறகு” எங்கே இருக்கிறது?

---

கரிசல்காட்டான் எழுதியது:

நெய்தல் நிறுத்திய இடத்தில் நான் தொடர்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் பாட்டில் கேள்வி போட, மற்றவர் அதே மெட்டில் பதில் தருவதை எசப்பாட்டு என்போம். ஹிப்-ஹாப்பில் அந்த மரபைத் தட்டுக்குக் கொண்டுவந்து பெரும் வழக்கமாக்கியது ஒரு பதினான்கு வயதுப் பெண்.

1984-இல் யூ.டி.எஃப்.ஓ. என்ற குழு, தங்களை மதிக்காமல் நடந்துபோகும் ராக்ஸான் என்ற பெண்ணைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு வெளியிட்டது. ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிக்கும் அவர்கள் வரவில்லை. அதனால் டிஜே மார்லி மார்லும் அவருடைய நண்பர்களும் கோபத்தில் இருந்தார்கள். குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் வசித்த லோலிடா ஷாண்டே கூடன் என்ற சிறுமி, அந்த ராக்ஸான் நானே என்று சொல்லிப் பதில் பாட முன்வந்தார். துணி துவைக்கப் போகும் வழியில் மார்லி மார்லின் வீட்டுக்குள் நுழைந்து, எழுதிவைத்த தாள் ஏதும் இல்லாமல், அந்தக் குழுவினுடைய இசையின் மேலேயே, மூச்சு விடாமல் பாடிவிட்டு மீண்டும் துணி துவைக்கப் போனார் என்பது அவர் பலமுறை சொன்ன வரலாறு. அந்தப் பதிவுதான் ‘ராக்ஸான்ஸ் ரிவெஞ்ச்’.

கேட்டுப் பாருங்கள். அந்தப் பாட்டில் மூவரையும் ஒருவர்பின் ஒருவராக எடுத்து, அவரவர் சொன்ன வரிக்கே பதில் தருகிறார். குரல் இன்னும் சிறுமியின் குரல், கீச்சென்று ஏறுகிறது. அந்தக் கீச்சுதான் எதிராளியைக் குத்துகிறது, ஏனென்றால் பெரிய ஆண்கள் மூவரைத் தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்பது ஒரு சிறுமி என்பதை ஒவ்வொரு வரியும் நினைவூட்டுகிறது. அதற்குப் பின் அந்தக் குழு வேறொரு பெண்ணை வைத்துப் பதில் கொடுக்க, அதற்கு இன்னொருவர் பதில் கொடுக்க, ராக்ஸானின் அம்மா, அண்ணன் என்றெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டு டஜன் கணக்கில் தட்டுகள் வந்தன. பின்னாளில் ராப்பர்கள் தட்டுக்குத் தட்டு மோதிய எல்லாச் சண்டைகளுக்கும் இதுவே முன்மாதிரி. 2025-இல் அமெரிக்காவின் கிராமி இசைவிருது அமைப்பு ஷாண்டேக்கு வாழ்நாள் சாதனை விருது வழங்கியது.

---

முதல்வரி எழுதியது:

என் நிலைப்பாட்டைத் திருத்திக்கொள்கிறேன். “பிறகு வந்தார்கள்” என்பது தவறு என்று நெய்தலும் கரிசல்காட்டான் ஐயாவும் காட்டிவிட்டார்கள். ஷா-ராக் பற்றி எனக்கு இவ்வளவு தெரியாது. நேற்றிரவு அந்தப் பாட்டை நான்கு முறை கேட்டேன்.

இப்போது கேள்வி கடினமாகிறது. தொடக்கத்திலேயே இருந்தார்கள் என்றால், பின்னர் ஏன் ஒவ்வொரு குழுவிலும் ஒரே ஒரு பெண், ஒவ்வொரு காலத்துக்கும் ஒரே ஒரு “அரசி” என்று சுருங்கியது? பெண்கள் பாடுவது குறைந்ததா, அல்லது வெளியே வரவிடப்படவில்லையா?

---

வன்னிமழை எழுதியது:

முதல்வரி அண்ணா, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் டொரொண்டோவில் வளர்ந்தவள். என்னுடைய பதின்ம வயதில் எங்கள் வீட்டில் ராப்பர் குவீன் லத்தீஃபாவின் ஒலிநாடா தேயும் அளவுக்கு ஓடியது. அதனால் எனக்கு இது வெறும் வரலாறு அல்ல.

1980-களின் இறுதி ஆண்டுகளில் கதவு நன்றாகவே திறந்திருந்தது. சால்ட்-என்-பெப்பா என்ற பெண்கள் குழுவினர் 1986-இல் முதல் ஆல்பத்தோடு வந்தார்கள். 1988-இல் எம்.சி. லைட் வெளியிட்ட ஆல்பம் ஒரு பெண் ராப்பர் தனியாக வெளியிட்ட முதல் முழு ஆல்பம் என்று கருதப்படுகிறது. அதில் உள்ள ஒரு பாட்டில் ஒரு பெண் தன் காதலனைப் பறிகொடுக்கிறாள், வேறு பெண்ணிடம் அல்ல, கிராக் போதைக்கு. கடைசி வரியில்தான் அது நமக்குப் புரியும். 1989-இல் குவீன் லத்தீஃபாவின் முதல் ஆல்பம் வந்தது. அதில் அவரும் லண்டனைச் சேர்ந்த மோனி லவ்வும் சேர்ந்து பாடிய ‘லேடீஸ் ஃபர்ஸ்ட்’ பாட்டின் படத்தில் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி எதிர்ப்புப் போராட்டக் காட்சிகள் இடம்பெற்றன. அதே ஆண்டு கிராமி விருதில் முதன்முதலாக ராப் பிரிவு சேர்க்கப்பட்டது. ஆனால் அந்த விருதைத் தொலைக்காட்சியில் காட்டப் போவதில்லை என்று அறிந்து விழாவைப் புறக்கணித்தவர்களில் சால்ட்-என்-பெப்பாவும் இருந்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1995-இல், சிறந்த தனி ராப் விருது லத்தீஃபாவுக்கும், சிறந்த குழு ராப் விருது சால்ட்-என்-பெப்பாவுக்கும் ஒரே இரவில் கிடைத்தன.

பிறகு நடந்ததுதான் நீங்கள் கேட்டது. பெரிய நிறுவனங்கள் ராப்பை வாங்கத் தொடங்கிய பின், ஆண்கள் குழு ஒவ்வொன்றும் “எங்கள் பெண்” என்று ஒருவரை மட்டும் முன்னிறுத்தியது. ஜூனியர் மாஃபியா என்ற குழுவுக்கு லில் கிம் அப்படி வந்தவர். அவரும் ஃபாக்ஸி பிரவுனும் 1996 நவம்பரில் சில நாள் இடைவெளியில் முதல் ஆல்பங்களை வெளியிட்டார்கள்; இருவரும் எவ்வளவு நன்றாகப் பாடுகிறார்கள் என்பதைவிட, இருவரில் யார் பெரியவர் என்பதையே இதழ்கள் பேசின. ஆண்கள் ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் இடம் இருந்தது. பெண்களுக்கு ஒரே ஒரு நாற்காலி. கிராமியில்கூட 2003, 2004 ஆகிய இரண்டே ஆண்டுகள் பெண் ராப்பருக்கென்று தனி விருது இருந்தது. இரண்டு முறையும் மிஸ்ஸி எலியட் வென்றார். பிறகு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ராப் செய்திகளைத் தொலைக்காட்சியில் தொகுத்து வழங்கிய டீ பார்ன்ஸ் என்ற பெண்ணை 1991-இல் ஒரு விருந்தில் ராப்பரும் தயாரிப்பாளருமான டாக்டர் டிரே தாக்கினார். வழக்கும் நடந்தது. 2015-இல் டிரே இருந்த குழுவின் கதை பெரும்பொருட்செலவில் திரைப்படமாக வந்தபோது அந்த நிகழ்ச்சி அதில் இல்லை. தன்னை அந்தக் கதையிலிருந்து அழித்துவிட்டதை டீ பார்ன்ஸ் அப்போது எழுதினார். அதன் பின்னரே டாக்டர் டிரே பொதுவில் மன்னிப்புக் கேட்டார். பெண்கள் வரலாற்றில் குறைவாகத் தெரிகிறார்கள் என்றால், அதில் ஒரு பகுதி இப்படி வெட்டி எடுக்கப்பட்டது.

---

பழைய இசைத்தட்டு எழுதியது:

வன்னிமழை மகளே, அருமையாகச் சொன்னீர்கள். ஒரே நாற்காலி என்பதற்கு எதிராக நான் மிஸ்ஸி எலியட்டை வைப்பேன். அவர் நாற்காலியைத் தேடவே இல்லை, ஒலிப்பதிவுக்கூடத்தைப் பிடித்தார். 1996-இல் பாடகி ஆலியாவின் ஆல்பத்துக்குத் தயாரிப்பாளர் டிம்பலண்டோடு சேர்ந்து பாட்டுகள் எழுதி உருவாக்கியபோதே பிறருக்கு எழுதித் தரும் இடத்தில் இருந்தார். 1997-இல் தன் முதல் ஆல்பத்தோடு வந்தபோது, ஒரு பாட்டின் படத்தில் காற்றடைத்த பளபளக்கும் கறுப்பு உடையில் ஆடினார். பெண் ராப்பர் என்றால் உடலை எப்படிக் காட்ட வேண்டும் என்று அப்போது வகுத்திருந்த விதியைச் சண்டையே போடாமல் ஒதுக்கிவிட்ட படம் அது. பாடலாசிரியர் புகழ்மண்டபத்தில் 2019-இல் இடம்பெற்ற முதல் பெண் ராப்பர் அவர். ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் 2023-இல் இடம்பெற்ற முதல் ஹிப்-ஹாப் பெண் கலைஞரும் அவரே.

லாரின் ஹில் பற்றி எல்லாரும் எழுதுவீர்கள். 1998-இல் வந்த அவருடைய தனி ஆல்பம், மறு ஆண்டு ஒரே இரவில் ஐந்து கிராமி விருதுகளை வென்று, ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற விருதைப் பெற்ற முதல் ஹிப்-ஹாப் ஆல்பம் ஆனது. அதில் வேலை செய்த இசைஞர்கள் நால்வர் தங்கள் பெயர் விடுபட்டது என்று வழக்குத் தொடுத்து, 2001-இல் அது சமரசத்தில் முடிந்தது. காஸுக்காக முதல்வரி கேட்ட நியாயத்தை இங்கேயும் கேட்க வேண்டும் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

---

நெய்தல் எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. அலுவலக அறைகளையும் மறக்க வேண்டாம். டாமி பாய் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தலைவராக இருந்து நடத்தியவர் மோனிகா லிஞ்ச். அவர் அங்கே இருந்தபோதுதான் குவீன் லத்தீஃபா அந்த நிறுவனத்தில் ஒப்பந்தமானார். 1990-களின் தொடக்கத்தில் டெஃப் ஜாம் என்ற இன்னொரு இசைத்தட்டு நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் கார்மென் ஆஷ்ஹர்ஸ்ட். ரயில்பெட்டிகளில் ஓவியம் தீட்டிய லேடி பிங்க், அந்த ஓவியங்களையும் தரையில் சுழன்றாடிய சிறுவர்களையும் படம்பிடித்த மார்த்தா கூப்பர் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரயில்பெட்டி ஓவியங்கள் எல்லாம் கழுவப்பட்டுவிட்டன. நாம் இன்று பார்ப்பது கூப்பர் போன்றோர் எடுத்த படங்களைத்தான்.

---

வன்னிமழை எழுதியது:

நம் மொழிக்காரர் ஒருவரையும் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது. மாதங்கி அருள்பிரகாசம், உலகம் அறிந்த பெயர் எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் குழந்தைப்பருவத்தைக் கழித்து, போரினால் மீண்டும் லண்டனுக்கு அகதியாகப் போனவர். 2005-இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரையும், 2007-இல் வந்த இரண்டாவதற்கு அம்மாவின் பெயரையும் வைத்தார். இரண்டாவது ஆல்பத்துக்காகச் சென்னைக்கு வந்து உறுமி மேளத்தைப் பதிவு செய்தார். அதில் உள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில் அவருடைய குரலை வெட்டி எடுத்து ஜே-ஸீ, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. ஆகிய ராப்பர்கள் நால்வரும் ஒரு பாட்டுக்கு அடித்தளமாக்கினார்கள். 2009 பிப்ரவரியில் கிராமி மேடையில் அந்த நால்வருக்கு நடுவே நிறைமாதக் கர்ப்பிணியாக நின்று பாடினார். அந்த நாள் குழந்தை பிறக்க வேண்டிய நாளாகவே குறிக்கப்பட்டிருந்தது. எங்கள் அம்மா வெளிநாட்டுப் பாட்டுக்குத் தொலைக்காட்சி முன் எழுந்து நின்று பார்த்தது அந்த ஒருமுறைதான்.

---

தாளக்கட்டு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அடுத்த மாதம் என் மாணவர்களுக்கு இதைப் பாடமாக எடுக்கப் போகிறேன். ‘தட்ஸ் தி ஜாயின்ட்’, ‘ராக்ஸான்ஸ் ரிவெஞ்ச்’, ‘தி மெசேஜ்’, ‘லேடீஸ் ஃபர்ஸ்ட்’ என்ற வரிசையில் பாட்டுகளைப் போட எண்ணம். “பெண் ராப்பர்கள்” என்று தனி வகுப்பு வைக்கப் போவதில்லை. முதல் வகுப்பிலேயே எல்லாரும் வருவார்கள். காஸின் பெயரையும் சொல்வேன், முதல்வரி.

பாட்டுகளுக்கு முன்னால் 1973-ஆம் ஆண்டின் அழைப்பு அட்டையின் படத்தைக் காட்டப் போகிறேன். இடம், நாள், இரவு 9 முதல் விடியற்காலை 4 வரை என்ற நேரம், இரண்டு கட்டணங்கள், எல்லாம் கையெழுத்தில் இருக்கும். மேலே கூல் ஹெர்க்கின் விருந்து என்று இருக்கும். கீழே சிறப்பு விருந்தினர் வரிசையில், மற்ற பெயர்களுக்கு நடுவே, சிண்டி சி. என்று ஒரு பெயர் இருக்கும். அது யார் என்று மாணவர்களையே கேட்கப் போகிறேன்.